நலுமான்ஸியின் சிவப்புக் கோடு

நலுமான்ஸி ஓடிப்போனாள் என்று சொல்லாதீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தவள். குழாயடியில் கதை கட்டுகிறவர்கள் யாரும் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஜாஜா, உங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு," என்றாள் நாலொங்கோ, பாட்டி என்று என்னைக் கூப்பிடுகிற முறையில். "ஆம்பள முதுகுல ஒட்டி உக்காந்துதான் போனா. ஊரே பாத்துச்சு."

"போடா-போடா வாடகை பைக்குல பின்னாடி உக்காராம முன்னாடியா உக்காருவாங்க? நீ சந்தைக்குப் போறப்ப வண்டிக்காரன் தோளப் பிடிச்சிட்டுப் போறியே, அவன் உனக்கு என்ன முறை?"

குழாயடியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாலொங்கோவுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் பொட்டியத் தூக்கிட்டுப் போகல. அந்தப் பொட்டிக்குள்ள என் மக கல்யாணம் இருந்துச்சு. அத அழிச்சா. அவ அழிச்சதாலதான் என் மக வாழ்க்கையும் அழிஞ்சுது."

அங்கேதான் நான் வாளியைக் கீழே வைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. ஆனால் இந்த ஒரு வார்த்தையை நான் விடமாட்டேன். நடந்தது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. அவளே அதை நாலு பேர் நடுவில் எடுத்துவிட்டதால் நானும் நாலு பேர் கேட்கச் சொல்கிறேன். நாலொங்கோ மேல் எனக்குக் கோபம் இல்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள், எங்கள் வழக்கப்படி பெயர் சொல்லாமல் நாலொங்கோ என்று மரியாதையாகத்தான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன். மரியாதை வேறு, பொய் வேறு.

நகரத்தின் இந்தப் பக்கம், கவெம்பேயில் எங்கள் வரிசை ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஓடுகிற அறைகள். எனக்கும் நலுமான்ஸிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவள் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து "நல்லாயிரு" என்பேன். புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. ஆள் ஒல்லி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். அவளுக்குள் அத்தனை பேர் குடியிருந்தது அப்போது யாருக்குத் தெரியும்?

பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. கூடவே அவற்றைத் தட்டுகிற சின்ன வயதுக்காரர்களும் வந்தார்கள். நலுமான்ஸியைப் பரீட்சை நேரத்தில் மட்டும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய கம்ப்யூட்டரைத் தலைமையாசிரியை அவளுக்கே கொடுத்துவிட்டார். "நீ சொன்னாத்தான் அது கேக்குது, நீயே கொண்டு போ" என்றாராம். இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியது. ஒன்றில் முதுகு கூனின திரை, இன்னொன்றில் சாம்பல் நிறப் பெட்டி. வரிசை முழுக்க வெளியே வந்து நின்றோம். பெண் அழைப்புக்குக்கூட அத்தனை பேர் நின்றதில்லை.

எங்கள் வீடுகளில் நாற்காலி முதுகுக்கு, மேசைக்கு, ரேடியோவுக்கு, எல்லாவற்றுக்கும் பின்னல் துணி போடுவோம். துணி போடாத சாமான் சட்டை போடாமல் விருந்துக்கு வந்த ஆள் மாதிரி. மாதா கோயில் பெண்கள் கூடி உட்கார்ந்து வெள்ளை நூலில் அந்தப் பெட்டிக்கு நாலு பக்கமும் மூடுகிற உறை பின்னிக் கொடுத்தார்கள். திரைக்கு ஒன்று, எழுத்துப் பலகைக்கு ஒன்று. பெட்டி மேலே பிளாஸ்டிக் பூச்சாடி. பார்க்கப் பீடம் மாதிரி இருக்கும்.

அப்புறம் கல்யாணங்கள் வந்து சேர ஆரம்பித்தன.

எங்கள் பக்கம் க்வாஞ்சுலா என்றால் மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாகச் சீர் சுமந்துகொண்டு பெண் வீட்டுக்கு வருகிற நாள். இரண்டு பக்கமும் வாய்ச்சாலக்காரர்களை வைத்துப் பேச்சில் மோதுவார்கள். பெண்ணின் அத்தைதான் மாப்பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்துக் காட்டுவாள். பெண்ணின் அண்ணனுக்கு உயிரோடு ஒரு சேவல். வீடியோக்காரன் ஒன்றையும் விடமாட்டான். காலையில் கூடாரம் கட்டுவதிலிருந்து சாயங்காலம் பாத்திரம் கழுவுவது வரை பிடிப்பான். அந்த டிஸ்க்குகள் கீறிப் போகும், குழந்தைகள் கடிக்கும். முதலில் நாலொங்கோதான் தன் மகள் நகிபூகாவின் க்வாஞ்சுலாவைக் கொண்டு வந்தாள். "இதை உன் பொட்டிக்குள்ள போட்டு வை. டிஸ்க்கு போனாலும் பொட்டி போகாது" என்றாள். அதைப் பார்த்து அடுத்த அறைக்காரி, அடுத்த தெருக்காரி, அவள் சம்பந்தி. நலுமான்ஸி யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. கொண்டு வந்தவர் பெயரை எழுதி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாழைக்காய் மசித்த மடோக்கேயும் கடலைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவள் அறையில் கூடுவோம். யாராவது ஒருவர் கல்யாணத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஞாயிறு, பாதிப் படத்தில் ஸ்பீக்கர் செத்துவிட்டது. திரையில் பேச்சாளி வாயை மீன் மாதிரி திறந்து மூடுகிறான், சத்தம் இல்லை. எல்லோரும் "ச்சூ" என்று எழுந்தோம்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றது ஒரு கட்டைக் குரல். "பொண்ணு வேணும்னு வந்துட்டு வாசல்லயே எந்திரிச்சா எப்படி?"

நான் திரும்பி ஆளைத் தேடினேன். நலுமான்ஸிதான்! திரையில் பேச்சாளி கையை நீட்டினால் இவள் குரல் நீள்கிறது. அத்தை முந்தானையை இழுத்துவிட்டால் இவள் மூக்கால் பேசுகிறாள். சேவலைத் தூக்கிக் கொடுக்கும்போது சேவலாகவே கத்தினாள். "எனக்கு மாப்பிள்ளை பிடிக்கல, என்னை விட்டுடுங்க" என்று சேவல் அழுதது. நான் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டேன். நாலொங்கோவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, இது என் மக கல்யாணமா இல்ல கூத்தா?" என்றாள். மறுக்க முடியாது அவளால்.

கதவருகே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாஜி கயோன்டோ நின்றிருந்தார். கடைசி அறையில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவர். நகரத்தின் அந்தப் பக்கம் அவருக்கு வீடியோ கொட்டகை இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களைப் போட்டு, நம் பேச்சில் ஒருவன் குரல் கொடுத்துக் கதை சொல்லிக்கொண்டே போவான். படத்தைவிடச் சொல்கிறவனுக்குத்தான் கூட்டம்.

"எங்க கொட்டகையில படம் சொல்ற பய அடுத்த கொட்டகைக்குத் தாவிட்டான்," என்றார். "நீ சொல்றியா?"

"பொம்பளையா?" என்றாள் நாலொங்கோ.

"நான் பொம்பளையக் கேக்கல, குரலக் கேக்குறேன்." பைக்குள்ளிருந்து ஒரு டிஸ்க் எடுத்தார். "சண்டைப் படம். வர்ற வெள்ளி தொழுகை முடிஞ்சதும் போடணும். அதுக்குள்ள உன் குரல் இதுல ஏறி வரணும். வரலேன்னா இன்னொருத்தன் வரிசையில நிக்கிறான், அவனுக்குக் கொடுத்துடுவேன். தப்பா நினைக்காத."

அவர் போனதும் நலுமான்ஸி டிஸ்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"இத்தனை வருஷம் அடுத்தவங்க சொன்னத நான் டைப் அடிச்சேன் ஜாஜா. இப்ப நான் சொல்லணும்."

"சொல்லு. யாரு வேண்டாங்கறா?"

வேண்டாம் என்றது கம்ப்யூட்டர். படமும் குரலும் சேர்ந்து புதிதாக ஒன்று உருவாக வேண்டுமாம், அதற்குப் பெட்டிக்குள் இடம் வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் நிறம் தெரியும். திரையில் ஒரு பட்டைக் கோடு காட்டினாள். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அது சொல்லும். இடம் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ரத்தச் சிவப்பாக இருந்தது. போதாதென்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி உறுமிவிட்டு அணைந்துபோனது. தொட்டால் சோற்றுப் பானை மாதிரி சுட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது நீலமாகணும் ஜாஜா."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போதும் அந்தக் கோடுதான்.

திங்கள் காலை அவள் பெட்டியை முற்றத்துப் பலா மரத்தடிக்குத் தூக்கி வந்தாள். மின்சாரக் கம்பியைக் கழற்றினாள். பூச்சாடியை எடுத்தாள். உறையை உருவினாள். பின்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கின்றன, காற்று போய்வர. அதைத்தான் இத்தனை நாள் ரோஜாப்பூப் பின்னலால் இறுக்கி மூடி வைத்திருந்தோம்! சூடு வெளியே போக வழியில்லாமல் அந்தப் பெட்டி கம்பளி போர்த்திய காய்ச்சல்காரன் மாதிரி கிடந்திருக்கிறது.

பக்கப் பலகையைத் திறந்ததும் எல்லோரும் "ஆ!" என்றோம். உள்ளே எங்கள் கவெம்பேச் செம்மண் புழுதி மெத்தையாகப் படிந்திருந்தது. நூல் பிசிறு, காய்ந்த வெட்டுக்கிளி இறக்கை. ஃபேன் சுற்றுகிற இடத்தில் ஒரு பல்லி வசதியாக உட்கார்ந்திருந்தது. பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷால் புழுதியை மெல்லத் தள்ளினாள். சைக்கிள் பம்பை நான் அடித்தேன், அவள் குழாயைப் பிடித்தாள். ஃபேன் சுற்றிவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். செந்தூசு எழுந்து எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அப்பியது.

"ஐயோ, பொட்டிய அம்மணமா ஆக்கிட்டாளே!" என்று நாலொங்கோ வாயில் கை வைத்தாள். "அந்த உறை பின்ன எங்க கண்ணெல்லாம் போச்சு."

"அதுக்குப் புழுங்குது நாலொங்கோ," என்றாள் நலுமான்ஸி.

"மரியாதைன்னா கொஞ்சம் புழுங்கத்தான் செய்யும். விசேஷத்துக்குக் கனத்த கொமேசி அங்கியக் கட்டிட்டு நாங்க வெயில்ல நிக்கலையா?"

உள்ளே கொண்டுபோய் இயக்கினாள். உறுமல் இல்லை. பூனை மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க ஓடியும் அணையவில்லை. நான் அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. நான் குலவை போட்டேன். அடுத்த தெருவிலிருந்து யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டு வந்தார்கள்.

ஆனால் கோடு சிவப்புதான்.

மறுநாள் சில்லறைக் குப்பைகளைப் பெருக்கினாள். பழைய பரீட்சைத் தாள்கள், யாரோ போட்டுவிட்டுப் போன கார் ஓட்டுகிற விளையாட்டு, இன்டர்நெட் தானாகச் சேர்த்து வைத்த ஓட்டை உடைசல். அழித்தேன் அழித்தேன் என்கிறாள், கோடு அசையவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு மூலையைக் காட்டினாள். அழித்தது எல்லாம் அங்கே ஒரு குப்பைக்கூடைக்குள் கிடக்கிறதாம், அதைக் கொட்டினால்தான் இடம் காலியாகுமாம்.

"குப்பைக்கூடைய நடுவீட்டுல வச்சிட்டு வீடு பெருக்கிட்டேன்னு சொல்ற கதையா இருக்கே!"

"அதே கதைதான் ஜாஜா."

கொட்டினாள். சிவப்பு ஒரு நகக்கண் அளவு உள்வாங்கியது. என் ஆவேசம் இன்னும் கூடிவிட்டது. "இன்னும் கொட்டு, இன்னும் கொட்டு" என்று தொடையைத் தட்டினேன்.

இன்னும் கொட்ட வேண்டியது கல்யாணங்களைத்தான். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நகிபூகாவின் க்வாஞ்சுலா ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து தடவை இருந்தது! வீடியோக்காரன் ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்திருக்கிறான். நாலொங்கோ ஒன்று, பெண்ணின் அண்ணன் லுதாயா ஒன்று, அத்தை தெரேசா ஒன்று, பெரியப்பா ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒன்று என்று அவரவர் தனித்தனியாக வந்து தங்கள் பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் போட்டது தெரியாது. மற்ற வீட்டுக் கல்யாணங்களும் இரண்டு மூன்று தடவை கிடந்தன. அவர்களை எல்லாம் கேட்டாள். "ஒண்ணு இருந்தா போதும்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். கோடு இன்னும் கொஞ்சம் உள்வாங்கியது. ஆனால் அந்த ஐந்துதான் மலை.

புதன்கிழமை, ஐந்து பேரில் பக்கத்தில் இருக்கிற நாலொங்கோவையும் லுதாயாவையும் அத்தை தெரேசாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இஞ்சி டீ கொடுத்தாள். எல்லாம் ஒன்றேதான், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"தாராளமா," என்றாள் நாலொங்கோ. "அவங்களோடத எடுத்துடு."

"என்னோடத எதுக்கு எடுக்கணும்?" என்றான் லுதாயா. "என் காப்பியிலதான் சேவல் பளிச்சுன்னு இருக்கும்."

"எல்லாக் காப்பியிலயும் அதே சேவல்தான்," என்றாள் நலுமான்ஸி.

"நான் பாத்திருக்கேன். அம்மாவோடதுல சேவல் இளைச்சுத் தெரியும்."

அத்தை தெரேசா தொண்டையைச் செருமினாள். "மாப்பிள்ளையக் கண்டுபிடிச்சுக் காட்டினது யாரு? அத்தை இல்லாம க்வாஞ்சுலாவே இல்ல. என்னோடதுதான் இருக்கணும்."

நலுமான்ஸி பொறுமையாக இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். அதே கூடாரம், அதே கூடை, அதே ஈ மூக்கில் உட்காருகிறது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

"பாத்தியா," என்றான் லுதாயா. "வலது பக்கம் இருக்கிறதுதான் தெளிவு."

"வலது பக்கம்தான் என்னோடது!" என்றாள் நாலொங்கோ.

நான் சிரிப்பை அடக்க டீயில் முகத்தைப் புதைத்தேன். நலுமான்ஸி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை தெரிந்தது.

"கல்யாணம் யாரோடது? பொண்ணோடது. அவளையே கேட்டுடலாம்," என்று போனை எடுத்து நகிபூகாவைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"நகிபூகா, உன் க்வாஞ்சுலா என்கிட்ட அஞ்சு தடவ இருக்கு. ஒண்ணு வச்சா போதும். யார் பேர்ல வைக்கட்டும், நீ சொல்லு."

போனில் டாக்சி நிறுத்தத்து இரைச்சல். யாரோ ஊர் பெயர்களைக் கூவுகிறார்கள். அப்புறம் பெண்ணின் குரல்.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க அக்கா."

"என்னம்மா?"

"அஞ்சையும். நான் புருஷன் வீட்ட விட்டு வந்தது போன மழைக்காலத்துலயே. ஜின்ஜாவுல வேலை பாக்குறேன். நல்லாத்தான் இருக்கேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல…"

நலுமான்ஸி போனை அணைக்கப் பார்த்தாள், விரல் வழுக்கியது. "அம்மா இங்கதான் இருக்காங்கம்மா," என்றாள் மெதுவாக.

போன் விக்கியது. பிறகு அறுந்துவிட்டது.

இதுதான் நடந்தது. போன மழைக்காலம் என்று அந்தப் பெண் தன் வாயால் சொன்னாள். நலுமான்ஸி அழித்தது அதற்கு எத்தனையோ நாளுக்குப் பின்னால். எது முந்தி, எது பிந்தி என்று பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

 முதலில் லுதாயாதான் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்தச் சேவலத் திருப்பிக் கேப்பாங்களோ?"

"தின்னு முடிச்சு எத்தனை காலமாச்சு!" என்று அத்தை அவன் தலையில் தட்டினாள். "சேவல் கிடக்கட்டும். கேட்டா சீர் எல்லாம் திருப்பணும். முறைன்னா முறைதான்."

நாலொங்கோ எழுந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மகள் சொல்லாமல் மறைத்தது ஒரு அடி, ஊர் என்ன சொல்லும் என்பது இன்னொரு அடி. இரண்டையும் தாங்க முடியாமல் எதிரே இருந்த பெட்டியை விரல் நீட்டிக் காட்டினாள்.

"எண்ணினியே! அஞ்சு தடவன்னு என் மக கல்யாணத்த எண்ணினியே! எண்ணுனதுலதான் கண்ணு பட்டுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழாயடிக் கதைக்கு விதை விழுந்த இடம் அதுதான்.

நான் நலுமான்ஸியிடம் கேட்டேன். "பொண்ணே அழிக்கச் சொல்லிட்டா. அப்புறம் என்ன? அழி, கோடு நீலமாகட்டும்."

"பொண்ணு அழிக்கச் சொல்றா, அம்மா வைக்கச் சொல்றா. ரெண்டு பேரும் அழுதுட்டே சொல்றாங்க ஜாஜா. அழுதுட்டே சொன்னத அப்படியே செஞ்சிடக் கூடாது."

அவளிடம் ஒரே ஒரு பென் டிரைவ்தான் இருந்தது, சாவிக்கொத்தில் தொங்கும். வெள்ளிக்கிழமை படத்தை ஹாஜியிடம் கொண்டுபோக வைத்திருந்தது அது. அதில் நகிபூகாவின் க்வாஞ்சுலாவை ஏற்றினாள். ஏறி முடிந்ததும் அதைத் திறந்து முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு நேரே நாலொங்கோ வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அவ என்னைக்காவது கேப்பா. இல்ல, கேக்காமலே இருப்பா. அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."

நாலொங்கோ கையை நீட்டினாள். வாங்கி இடுப்புக் கச்சைக்குள் செருகிக்கொண்டாள். கல்யாணத்தை அழித்துவிட்டாள் என்று குழாயடியில் கத்தினாளே, அப்போதும் அது அவள் இடுப்பிலேயே இருந்திருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை அடிக்கடி அங்கே போனதைப் பார்த்தேன்.

திரும்பி வந்து ஐந்தையும் அழித்தாள். குப்பைக்கூடையைக் கொட்டினாள். கோடு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு பாதி வரை சுருங்கி, பளிச்சென்று நீலமானது!

"நீலம்! நீலம்டி மகளே!" நான் கட்டிலில் இருந்து எழுந்த வேகத்தில் டீக் குவளை உருண்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் ஆடினோம். என் முழங்கால் அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை குரல் ஏற்றினாள். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினாள். நான் வெளியே காவல். அதை மட்டும் என்னிடம் விடு என்று சொல்லிவிட்டேன். கடலை இடித்தவளை நிறுத்தினேன். தகரம் தட்டியவனை அடுத்த தெருவுக்கு ஓட்டினேன். ஒலிபெருக்கியோடு ஒரு பிரசங்கி வந்தார், மனந்திரும்புங்கள் என்றார். "நான் திரும்பிட்டேன், இப்ப நீ திரும்பு" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினேன். லுதாயாவின் வீட்டுப் புதுச் சேவல் ஒன்று கூவிக்கொண்டே இருந்தது. அதைக் கூடையால் கவிழ்த்து மேலே நானே உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு திருடன் கெஞ்சினான், போலீஸ்காரன் அதட்டினான், கிழவி ஒருத்தி இரண்டு பேரையும் திட்டினாள். அந்தக் கிழவி கொஞ்சம் என்னை மாதிரியே பேசினாள். பரவாயில்லை.

நாலொங்கோ மூச்சிரைக்க வந்தாள்.

"உள்ள ஆம்பள இருக்கான்."

"நாலு ஆம்பள இருக்காங்க. ஒருத்தன் போலீஸு."

"விளையாடாதீங்க ஜாஜா." கதவை ஒரே தள்ளு. உள்ளே நலுமான்ஸி மட்டும், காதில் ஹெட்ஃபோன், நெற்றியில் வேர்வை, கையில் மைக். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள் நாலொங்கோ. கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள்.

"ஜன்னல் வழியா ஓடிட்டான்."

"ஜன்னல்ல மெத்தை நிக்குது."

"மெத்தையத் தூக்கிட்டு ஓடிட்டு, திரும்ப வச்சிட்டான்."

 நலுமான்ஸி ஹெட்ஃபோனைக் கழற்றி, "நாலொங்கோ, நீங்க கதவத் தள்ளின சத்தமும் ஏறிடுச்சு. நல்லாத்தான் இருக்கு, போலீஸ் வீட்டுக்குள்ள புகுற இடத்துல அப்படியே வச்சுக்கறேன்" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. வில்லனும் நாயகனும் பாலத்து மேலே நிற்கிற இடம். அவளுக்குப் பழைய டைப்பிஸ்ட் பழக்கம், ஒரு துண்டு முடிந்ததும் சேமித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். பாலத்தில் இரண்டு பேரும் கத்தியை உருவினார்கள். அப்போது வானம் கறுத்தது. ஒரே இடி. தகரக் கூரையில் மழை இறங்கியது. கரண்ட் போய்விட்டது.

திரை கறுப்பு. பாலம், கத்தி, ஒன்றும் இல்லை.

நான் என் மனசுக்குள் மின்சாரக்காரர்களுக்குச் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். எழுத்துப் பலகையை விரலால் தடவினாள்.

"முன்னாடி ஏத்தினது எல்லாம் உள்ள இருக்கு ஜாஜா. கடைசித் துண்டுதான் இல்ல. ஆனா எதுல எடுத்துட்டுப் போவேன்? பென் டிரைவ் நாலொங்கோகிட்ட. இருந்தாலும் கரண்ட் இல்லாம எப்படி ஏத்துவேன்?"

"போய் அத வாங்கிட்டு வரட்டுமா? இப்ப வேற எதுக்கு…"

"வேண்டாம். கொடுத்தது கொடுத்ததுதான்."

ஹாஜிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை: முடிவு இல்லை, சண்டை பாதியில் நிற்கிறது என்றாள். அவர் பேசியது மழைச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு. பொட்டியத் தூக்கிட்டு வா. மீதிச் சண்டைய இங்க வந்து நேருக்கு நேர் சொல்லு, முன்ன எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க. கூட்டத்தப் பாத்து நாக்கு ஒட்டிக்காதுல்ல?"

"ஒட்டிக்காது ஹாஜி."  மறுபடி சொன்னாள், இந்தத் தடவை உரக்க. "ஒட்டிக்காது!"

"அப்ப மாத்துத் துணியும் எடுத்துட்டு வா. கொட்டகைக்குப் பின்னாடி ஒரு ரூம் காலியா இருக்கு. உன் குரல் ஜனங்களுக்குப் பிடிச்சா ஒரு படத்தோட விடமாட்டேன்."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. நான் கம்பளியை உருவினேன். பெட்டியைக் குழந்தை மாதிரி சுற்றினோம். மேலே பாலிதீன், அதுக்கு மேலே இன்னொரு பாலிதீன், கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். திரையும் மெத்தையும் என் பொறுப்பு என்றேன். துணிப் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். தெருமுனையில் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்த போடா-போடாக்காரனைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் ஊர் பேர் தெரியாத பையன், தலையில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தான். குழாயடிக்காரர்கள் சொல்கிற ஆம்பிளை இவன்தான்.

"ஜாஜா, பயமா இருக்கு."

"இருக்கட்டும். பயத்தோடயே போ. அதுக்குத் தனியா டிக்கெட் கேக்கமாட்டாங்க."

அவள் குனிந்து பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். நான் குடையைப் பிடித்தேன், பாதி மழை என் மேல்தான். வாசலைத் தாண்டினாள். வண்டியில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"எப்படிப் போகட்டும்மா?"

"வேகமாப் போ. ஆனா குலுக்காத."

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, ரோடு கெடக்குற கெடையில!"

"ரெண்டும்தான். போ."

அவன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.